சால்வை எந்தத் தோளில்

என் கல்யாணத்துக்குப் படம் எடுக்க ஆள் பேசப் போன அன்று, அந்தக் கல்யாணம் எந்தெந்த வழியில் எல்லாம் நடக்காமல் போகலாம் என்று அப்பாவும் ஸ்டூடியோக்காரரும் ஒவ்வொன்றாக எடுத்து விலை பேசினார்கள். நான் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இருந்தேன். எனக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு நீர்வீழ்ச்சி வரைந்திருந்தது. மணப்பெண் என்று ஒருத்தி அந்த அறைக்குள் உயிரோடு இருக்கிறாள் என்ற எண்ணம் இரண்டு பேருக்கும் கொஞ்சமும் இல்லை.

சண்டைக் காலம் அது. நாங்கள் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். வயலும் மாடும் எங்கள் பக்கம். பஸ், ஆஸ்பத்திரி, டெலிபோன், ஸ்டூடியோ எல்லாம் கிழக்குப் பக்கம். நடுவில் தண்ணீர். அந்தக் கரையில் ஒருவர் ஆட்சி, இந்தக் கரையில் இன்னொருவர் ஆட்சி. துறையில் இறங்கினால் சோதனை. சீமெந்து எங்கள் பக்கம் வரக்கூடாது, உரம் வரக்கூடாது, டோர்ச் பெற்றறி வரவே கூடாது. எங்கள் பக்கமிருந்து தயிரும் நெல்லும் அந்தப் பக்கம் போவதானால் சென்ட்ரிக்காரனின் முகம் அன்றைக்கு எப்படியிருக்கிறது என்று பார்த்துத்தான் போகவேண்டும்.

இப்படிப்பட்ட காலத்தில் வீட்டுக் கல்யாணத்துக்கு டவுனிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுப் படம் எடுப்பது அப்பாவின் குணத்துக்கு ஒத்துவராத செலவு. அண்ணனுக்காகத்தான் ஒத்துக்கொண்டார். அண்ணனை ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய், பிறகு விட்டிருந்தார்கள். விட்ட கையோடு அப்பா பள்ளக்காணியை விற்று அவனைப் பனி கொட்டும் ஒரு தேசத்துக்கு அனுப்பிவிட்டார். போனவன் திரும்பி வர வழியில்லை. அவனுக்கு அங்கே தந்த பத்திரத்தில் உலகத்தில் எந்த நாட்டுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர என்று எழுதியிருந்ததாம்.

ஸ்டூடியோவுக்குப் போகுமுன் டெலிபோன் கடையில் அவனோடு கதைத்தோம். அப்பாவும் அவனும் கதைப்பதைக் கேட்டால் இரண்டு செவிடர்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். "சுகமா?" "சுகம்." "மழையா?" "பனி." "சரி." இவ்வளவுதான். அப்பா ரிசீவரை என் கையில் தந்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"தங்கச்சி, எனக்கு ஒண்டே ஒண்டு வேணும்," என்றான் அண்ணன். "உனக்குத் தாலி கட்டுறாங்களே, அந்த நேரத்துப் படம். மற்றதெல்லாம் எடுத்தா எடுங்க, எடுக்காட்டி விடுங்க. அது ஒண்ட மட்டும் எப்பிடியும் அனுப்பிப்போடு. நானும் அதில நிண்டன் எண்டு நினைச்சிக்கொள்ளுவன்."

"அனுப்புறன் அண்ணா" என்று சொல்லி வைத்துவிட்டு, வெளியே வந்து அப்பாவிடமும் சொன்னேன்.

ஸ்டூடியோக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். சண்டை தொடங்கியபிறகு அவருக்குக் கல்யாண வேலையே பிடிக்காமல் போயிருந்தது. அடையாள அட்டைக்குப் படம், பயணப் பாசுக்குப் படம், காணாமல்போனவரைத் தேடுகிறவர்களுக்குப் பழைய குடும்பப் படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் பெருப்பித்துக் கொடுப்பது என்று அவருக்கு மூச்சுவிட நேரமில்லாத வேலை. அடையாள அட்டைக்கு வருகிறவன் சிரிக்க வேண்டியதில்லை, பேரம் பேச மாட்டான், கையில் காசோடு வருவான். கல்யாணக்காரர்கள் அப்படியில்லை. ஒரு வீட்டில் தாலி கட்டுகிற நேரம் ஷெல் விழத் தொடங்கி எல்லோரும் ஓடிவிட்டார்களாம். "கல்யாணமே நடக்கல்ல, என்னத்துக்குக் காசு?" என்று கேட்டு ஒரு சதமும் கொடுக்கவில்லையாம்.

"ஆனா அண்ணன், அந்த ஓடுற படமெல்லாம் நல்லாத்தான் வந்திருந்திச்சு," என்று அப்பாவிடம் மனவருத்தத்தோடு சொன்னார்.

அதனால் இப்போது ஒரு விதி வைத்திருந்தார். தாலி ஏறினால் முழுக்காசு, ஏறாவிட்டால் அரைக்காசு.

அப்பா மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். "என்ன கதை கதைக்கிறீங்க தம்பி? பொம்புளப் புள்ள பக்கத்தில இரிக்கு!"

எழுந்து போகப்போகிறார் என்று நானும் எழும்பினேன். அவரோ கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"சரி. ஷெல் விழுந்து சனம் ஓடி, மறுகா வந்து கட்டினா?"

"அது முழுக்காசு. ஆனா ஓடுற நேரம் நான் படம் எடுக்கமாட்டன். நானும் ஓடுவன்."

"மாப்பிளைய வழியில பிடிச்சிட்டாங்க எண்டா?"

"அரை."

"பிடிச்சிட்டுப் பின்னேரம் விட்டா?"

"பின்னேரம் துறை பூட்டிருவாங்களே. நான் உங்கட வீட்டிலதான் படுக்கவேணும். சாப்பாடும் பாயும் உங்கட பொறுப்பு."

"மாப்பிளைய விட்டுட்டு மற்ற எல்லாரையும் பிடிச்சா?"

ஸ்டூடியோக்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. நாடியைச் சொறிந்தார். "அப்பிடி எங்கயும் நடக்கல்லியே அண்ணன்."

"நடந்தா?"

"ஆக்கள் குறைஞ்சா படம் குறையும். அதுக்குத் தக்கன காசையும் குறைப்பம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "பொம்புளையப் பிடிச்சா?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "புள்ள, நீ வாயை வெச்சிக்கொண்டு சும்மா இரி," என்றார் அப்பா. பிறகு குனிந்து, மெதுவான குரலில் ஸ்டூடியோக்காரரிடம், "அதுக்கு என்ன கணக்கு?" என்று கேட்டார்.

அப்பாவுக்கு எல்லாம் வயல்வேலை மாதிரித்தான். வெள்ளாமை வெட்ட ஆள் பேசுகிற அதே வாயால் படத்துக்கும் பேசினார். நாள் கணக்கா, அளவு கணக்கா என்று கேட்டார். படக் கணக்கு என்றார் அவர். கழுவி வந்த படங்களுக்குத்தான் காசு; அதில் பாதி ரொக்கம், மீதி அறுவடைக்குப் பிறகு நெல்லாக. அதுவரை இழுபறி ஒன்றுமில்லாமல் முடிந்தது. மீதிக் கதைக்குக் காரணம் எங்கள் சனம்தான்.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடி உண்டு. தாய்வழியாக வருவது. கோயிலில் யாருக்கு முதல் காளாஞ்சி மரியாதை, கல்யாணத்தில் யாருக்கு முதல் வெற்றிலை என்பதெல்லாம் குடியைப் பார்த்துத்தான். ஒரு குடியைப் படம் எடுத்து அடுத்த குடியை விட்டால் அது பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் பேச்சாக இருக்கும். எல்லோரையும் எடுப்பதானால் ரோல் ரோலாகப் போகும், அப்பாவின் வயல் போதாது.

ஸ்டூடியோக்காரர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். ஃப்ளாஷைத் திருப்பி அதன் முதுகில் ஒரு சின்னப் பொத்தானைக் காட்டினார். "இதை அமத்தினா வெளிச்சம் மட்டும்தான் வரும். படம் விழாது. சனத்துக்கு வெளிச்சம் பட்டாக் காணும், சந்தோசமாப் போயிருவாங்க. படம் எங்க எண்டு கேட்டா, கழுவக்குள்ள பழுதாப் போச்செண்டு சொல்லுவன்."

அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் அந்த வருஷத்தில் அன்றைக்குத்தான் கண்டேன். "பதர்!" என்றார். "மற்றது நெல்லு, இது பதர்!" ஃப்ளாஷை வாங்கி அந்தப் பொத்தானை அமத்தினார். அறை பளிச்சென்றது. மறுபடியும் அமத்தினார். நீர்வீழ்ச்சியைப் பார்த்து ஒன்று, என்னைப் பார்த்து ஒன்று.

ஸ்டூடியோக்காரர் பாய்ந்து பிடுங்கினார். "பெற்றறி போகுது அண்ணன்! உங்கட பக்கம் வரக்குள்ள ஃப்ளாஷுக்கு உள்ள கிடக்கிறதை மட்டும்தான் துறையில விடுவாங்க. ஒரு பெற்றறி கூடக் கொண்டுவர ஏலாது. பதருக்கும் காசு வேணும்."

"படமில்லாத வெளிச்சத்துக்குக் காசா?"

"வெளிச்சத்துக்குத்தான் அண்ணன் காசு. படம் பிறகு."

இதில் வந்த சண்டை, மாப்பிள்ளையைப் பிடிப்பதைப் பற்றிய சண்டையைவிடப் பெரியது. கடைசியில் எங்கள் வீட்டு எருமைத் தயிரில் வந்து முடிந்தது. நெல்லுப் படத்துக்குக் காசும் நெல்லும், பதர்ப் படத்துக்குத் தயிர். மண்முட்டி கணக்கு. தயிரைத் துறை தாண்டிக் கொண்டுபோவது அவர் பாடு. வருகிற வழியில் ரோல் பழுதானால் நட்டம் ஆளுக்குப் பாதி.

நெல்லா பதரா என்பதைச் சபையில் எப்படிச் சொல்வது? அதற்கு ஒரு சைகை வேண்டும். முன்பு ஒரு வீட்டில் தகப்பன் தலையைச் சொறிந்தால் படம் எடுப்பது என்று பேசியிருந்தார்களாம். அந்த மனுசனுக்குத் தலை நிறையப் பொடுகு. காலையில் முகம் கழுவுகிற படத்தோடேயே ரோல் முடிந்துவிட்டதாம். அதனால் சால்வை என்று முடிவாயிற்று. அப்பாவின் சால்வை வலது தோளில் கிடந்தால் நெல்லு. இடது தோளில் கிடந்தால் பதர். இதைக் கேட்டவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். அம்மாவுக்குச் சொல்லவில்லை. தாலி ஏறாவிட்டால் என்று ஒரு பேச்சு நடந்தது தெரிந்தாலே அவர் கல்யாணத்தை நிறுத்தியிருப்பார்.

கல்யாணத்தன்று ஸ்டூடியோக்காரர் வந்த கோலத்தைப் பார்த்ததும் ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தது. இரண்டு ரோல் கொண்டுவந்தாராம். துறையில் சென்ட்ரிக்கு நின்றவன், இதற்குள் யார் யாருடைய படம் இருக்கிறது காட்டு என்று ஒன்றை உடைத்து, வெயிலில் முழம் முழமாக இழுத்துப் பார்த்திருக்கிறான். ஒருவரும் இல்லை என்றதும் ஏமாந்துபோய், சுருட்டித் திருப்பியும் கொடுத்திருக்கிறான். மிஞ்சியது ஒரே ஒரு ரோல்.

"அப்ப பதரைக் கூட்டுவம்," என்றார் அப்பா. சூடுபட்டால் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் என்று ஃப்ளாஷிலிருந்த பெற்றறிகளை எடுத்து எங்கள் அடுப்படிக் கல்லில் வைத்தார்கள். அம்மா வந்து என்னடா இது என்று பார்த்துவிட்டு, பலகாரத் தட்டை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மாப்பிள்ளை கால் கழுவும்போது சால்வை வலது தோளில். அப்பாவின் சொந்தக்காரர் வந்து நின்றால் இடது தோளில். ஃப்ளாஷ் மின்னியது, சனம் பல்லைக் காட்டியது, அப்பா பெருமையோடு சால்வையை மாற்றிக்கொண்டே இருந்தார். அம்மாவின் அண்ணன், என் தாய்மாமன், அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று இதைக் கவனித்துக்கொண்டிருந்தார். மாமாவுக்கு மரியாதை, முறை, வரிசை என்றால் உயிர். ஒவ்வொரு படத்துக்கும் சால்வையைத் தோள் மாற்றுவது அப்பாவின் குடிக்காரர்களுடைய ஏதோ வழமை என்று அவர் முடிவு செய்துவிட்டார். தன் குடி குறைந்ததா என்ன? அவரும் மாற்றத் தொடங்கினார்.

மாமாவும் அப்பாவும் ஒரே உயரம், ஒரே கரைபோட்ட சால்வை. ஓமப் புகைக்குள் பார்த்த ஸ்டூடியோக்காரருக்கு யாருடைய தோள் எது என்று பிடிபடவில்லை. போதாதற்கு மாப்பிள்ளை வீட்டு ஆண்களும் பார்த்தார்கள். இந்த ஊர் வழக்கம் இது, நாம் செய்யாவிட்டால் அவமரியாதை என்று நினைத்து அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் பந்தல் முழுக்க ஆண்கள் வலமும் இடமும் சால்வையை எறிந்துகொண்டு நின்றார்கள். நான் மணவறையில் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்தேன். பெட்டைக்கு எவ்வளவு அடக்கம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

அடக்கமும் மண்ணும். மாமா வெற்றிலை போடுகிறார், நெல்லுப் படம். மாமா துப்பிவிட்டு வருகிறார், நெல்லுப் படம். ஸ்டூடியோக்காரரின் கை ரோலைச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருமுறை அவர் கமராவின் மேற்பக்கத்தில் எண்ணைப் பார்த்துவிட்டு முகம் வெளிறிப்போய் அப்பாவிடம் ஓடினார். அப்பா அவரை வாழைமரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். அங்கே கிசுகிசுப்பாகத் தொடங்கிய பேச்சு பந்தலுக்கே கேட்டது.

"இனி நான் காட்டாம கையை வெச்சுப்பாருங்க, ஒரு சதம் தரமாட்டன்!"

பிறகு அப்பா அரிசி தூவுகிறவர்போல என் பக்கத்தில் வந்து குனிந்தார். "புள்ள, ஒண்டுதான் மிச்சம். அது அண்ணன்ட படம். நான் பாத்துக்கொள்ளுறன், நீ பயப்பிடாத."

தாரைவார்க்கிற நேரம் வந்தது. ஐயர் அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, "சால்வையை எடுத்து இடுப்பில கட்டுங்கோ," என்றார். அவ்வளவு பேச்சுப் பேசினோமே, ஷெல் விழுந்தால் என்ன, துறை பூட்டினால் என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோமே, பெண்ணைத் தாரைவார்க்கிற தகப்பன் சால்வையை இடுப்பில்தான் கட்டவேண்டும் என்பது மூன்று பேருக்கும் தோன்றவே இல்லை. அப்பா கட்டினார். ஸ்டூடியோக்காரர் அப்பாவின் இடுப்பைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், மறுபடி இடுப்பைப் பார்த்தார். பிறகு, பேச்சு நடந்த அன்று பக்கத்தில் இருந்தவள் என்ற முறையில், என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

எடுக்கவேண்டாம் என்று நான் பலமாகத் தலையாட்டினேன்.

மணவறையில் இருக்கிற பெண் ஐயர் மந்திரம் சொல்லும்போது இல்லை, இல்லை என்று தலையாட்டினால் சபை என்ன நினைக்கும்? மாப்பிள்ளையின் தாய் எழுந்தே விட்டார். எங்கள் மாமி ஒருவர் "ஐயோ" என்று நெஞ்சில் கைவைத்தார். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை, அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியிராத மனிதர், வியர்த்துக்கொட்ட மெல்லக் கேட்டார்: "என்ன, விருப்பமில்லியா?"

"இடுப்பில கட்டினா எடுக்கவேணாம் எண்டு சொல்லுறன்," என்றேன்.

என் புருஷனோடு நான் பேசிய முதல் வார்த்தைகள் இவை. அவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "சரி," என்றார். இன்றைக்கும் அவரிடம் எனக்குப் பிடித்த குணம் அதுதான்.

தாரைவார்த்து முடிந்தது. அப்பா எழுந்து சபைப் பக்கம் போய், என் நேர் எதிரே பெண்கள் கூட்டத்துக்குப் பக்கத்தில் நின்றார். இடுப்பிலிருந்து சால்வையை அவிழ்த்தார். தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ஸ்டூடியோக்காரர் என் பக்கத்தில் ஒற்றைக் காலில் மண்டியிட்டு, கமராவைக் கண்ணில் வைத்து, என்னைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டு வாங்கிய மனிதர், சைகை இல்லாமல் கைவைக்க மாட்டார். அப்பா அவிழ்த்த சால்வையை இரண்டாக மடித்தார். வலது தோள் அப்பா, வலது தோள் என்று நான் மனதுக்குள் கத்தினேன். ஐயர் கையைத் தூக்கினார். மேளம் கொட்டி முழங்கியது.

அப்பா சால்வையைத் தூக்கினார். அது தோள்வரைக்கும் போகவில்லை. பாதி வழியில் அவர் கை நின்றது. பிறகு இரண்டு கையாலும் சால்வையை அள்ளி முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

மாப்பிள்ளையின் கைகள் என் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. பூவும் அரிசியும் விழுந்தன. ஃப்ளாஷ் மின்னியது. ஆனால் வெளிச்சம் என்மேல் படவில்லை. எனக்கு எதிரே நின்றவர்கள்மேல் பட்டது. அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அண்ணனின் படம் போய்விட்டது என்று.

நான் அழுதேன். கொஞ்சநஞ்ச அழுகை இல்லை, விக்கி விக்கி அழுதேன். பெண்கள் வந்து தேற்றினார்கள். எங்கள் பக்கத்தில் பெண் எங்கேயும் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். "என்னகா புள்ள, நீ இந்த வளவிலதானே இரிக்கப்போறாய்? அழுறதெண்டா அவர்தானே அழவேணும்?" என்று மாமி மாப்பிள்ளையைக் காட்டினார். அவர் பாவம், அழவா வேண்டாமா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, இன்னொரு ரோல் கிடைத்தால் இன்னொரு நாள் தாலி கட்டுகிறதுபோல எடுக்கலாமா என்று கேட்டேன். "ரெண்டாந்தரம் தாலியா? உனக்குப் பைத்தியமா?" என்று அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஸ்டூடியோக்காரர் படங்களோடு வந்தார். அப்பா ஒவ்வொன்றாக எடுத்து, நெல்லை உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமா வெற்றிலையோடு. மாமா வெற்றிலை இல்லாமல். மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் வரிசையாக, சால்வைகள் அந்தரத்தில், வயலில் கிளி கலைக்கிறவர்களைப்போல. நான் இரண்டே இரண்டு படத்தில் இருந்தேன். அதில் ஒன்றில் மாமாவின் முழங்கை என் முகத்தை மறைத்தது.

கடைசிப் படம் வந்தது. குனிந்து நிற்கிற ஒரு மனிதர். முகம் முழுக்கச் சால்வைக்குள். மேலே தலை மட்டும் வெளிச்சத்தில் பளீரென்று தெரிந்தது.

"இது என்ன?" என்றார் அப்பா.

"சால்வை ரெண்டு தோளிலயும் வரல்ல அண்ணன்," என்றார் ஸ்டூடியோக்காரர். "எந்தத் தோளுக்கு வருமெண்டு கமராக்குள்ளால உங்களத்தான் பாத்துக்கொண்டு நிண்டன். மேளம் அடிச்சா என்ட கை தன்பாட்டில அமத்திப்போடும். எத்தின வருசத்துப் பழக்கம். நீங்க தோளில போடுவீங்க எண்டுதானே பேச்சு. முகத்தில போடுவீங்க எண்டு ஆருக்குத் தெரியும்?"

என்னென்ன வழிகளில் கல்யாணம் குழம்பலாம் என்று அவ்வளவையும் கேட்ட அப்பா, தான் அழுதால் என்ன கணக்கு என்று அன்றைக்குக் கேட்டிருக்கவில்லை.

"இதுக்குக் காசு வேணாம்," என்றார் ஸ்டூடியோக்காரர்.

"இது படமே இல்ல. அடுப்பில போடு," என்று அப்பா என்னிடம் நீட்டினார். மீதிக்கெல்லாம் பேசினபடியே கொடுத்தார், மாமாவின் படங்கள் உட்பட. தயிர் முட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டுபோய்ச் சைக்கிளில் கட்டினார்.

எனக்கு அப்பாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு நிமிஷம் பொறுத்திருந்து அழுதிருக்கக்கூடாதா? அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதானே? படத்தோடு அடுப்படிக்குப் போனேன். நெருப்புக்கு முன்னால் நின்று பார்த்தேன். போட மனம் வரவில்லை. அண்ணனுக்கு நடந்ததைச் சொல்ல என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. அடுத்த தடவை டவுனுக்குப் போன என் புருஷனிடம் கொடுத்து அதையே அனுப்பச் சொன்னேன். பின்பக்கத்தில், தாலி கட்டின நேரம் எடுத்தது என்று மட்டும் எழுதினேன்.

சில மாதம் கழித்து அண்ணன் அழைப்பதாகச் சொன்ன நாளில் அப்பாவும் நானும் டெலிபோன் கடைக்குப் போனோம். அப்பா வழமைபோல "சுகமா, சரி" என்று முடித்துவிட்டு வெளியே படியில் போய் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனிடம் நெல் விலை விசாரித்துக்கொண்டிருந்தார். நான் ரிசீவரைப் பிடித்தபடி மன்னிப்புக் கேட்கத் தயாராக நின்றேன்.

"படம் கிடைச்சிது," என்றான் அண்ணன்.

"அண்ணா, அது வந்து, தாலி கட்டுறதைத்தான் எடுக்க..."

"தங்கச்சி." அவன் குரல் என்னவோபோல் இருந்தது. "அது அப்பாதானே?"

"ஓம்."

லைனில் இரைச்சல் கேட்டது. பிறகு கேட்டான்: "அவருக்கு எப்ப தலை இவ்வளவு நரைச்சிது?"

நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு கறுப்பு முடி இல்லை. ஒவ்வொரு நாளும் அவருக்குச் சோறு போட்டுக்கொடுத்தவள் நான்.

"தெரியாது அண்ணா," என்றேன்.